பேசிக்கிட்டே இருங்க

கதவைச் சாத்தினால் புருஷன் மயங்கி விழுகிறார். திறந்து வைத்தால் பெண்டாட்டி உள்ளே வந்து அவருக்குப் பதிலாகப் பேசுகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு சிஸ்டர் ஏற்கெனவே இரண்டு சந்திப்புகளை வீணடித்திருந்தாள். இன்று மூன்றாவது. அடுத்த வாரம் அவர்களுக்கு விசாரணை, அதற்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும் என்று வக்கீல் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் என்றதும் ஊசி போடுகிற, கட்டு மாற்றுகிற சிஸ்டர் என்று நினைத்துவிட வேண்டாம். அதையெல்லாம் பல வருஷம் செய்து அலுத்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். சொந்த நாட்டில் அடியும் உதையும் பட்டுத் தப்பி வந்து, இந்த நாட்டில் இருந்துகொள்ள அனுமதி கேட்கிறவர்களின் உடம்பைப் பார்க்க வேண்டும். எங்கே காயம், எதனால் ஆகியிருக்கும், ஆள் சொல்வதும் காயம் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் நீதிபதிக்கு முன்னால் நின்று சொல்லவும் வேண்டும். அவளுடைய அடையாள அட்டையில் ‘தடயவியல் செவிலி’ என்று போட்டிருக்கும். அதை வாசிக்கிறவர்கள் இவள் போலீஸோ என்று பயந்து எழுந்து போய்விடுவதால் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் வீட்டுக்குப் போய் அழுதாள். இப்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். கல்நெஞ்சுக்காரி என்று அவள் தங்கை சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எதிரில் இருப்பவர் அழுகிற நேரத்தில் இவளும் சேர்ந்து அழுதால் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்?

அவள் அறையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காது. வெள்ளைக் கோட்டு கிடையாது. தலைக்கு மேலே எரிகிற விளக்கை அணைத்துவிட்டு, மேஜை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பாள். சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள், ஏனென்றால் அந்தச் சத்தம் சிலருக்கு ஆகாது. குழாய் சொட்டினால் அன்றைக்கே ஆள் வந்து சரிசெய்தாக வேண்டும். “ஒரு குழாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று ஆபீஸ் மேனேஜர் முணுமுணுப்பார். சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண் கட்டி உட்கார்ந்திருந்தவர்களை அந்த மனுஷன் பார்த்ததில்லை, அதனால் முணுமுணுக்கிறார்.

முதல் சந்திப்புக்கு அந்த அச்சகக்காரர் தன் மனைவியோடு வந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான மனுஷன். ஊரில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். யாரோ கொண்டுவந்து கொடுத்த துண்டறிக்கையை அச்சடித்துக் கொடுத்ததற்காகச் சீருடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சில வாரங்கள் அடைத்து வைத்திருந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்கள்கூட ஆகாத நேரம். வெளியே வந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி இங்கே வந்துவிட்டார், அதற்கே சில வருஷமாகிறது. இவ்வளவும் சிஸ்டருக்குத் தெரிந்தது அவர் சொல்லி அல்ல. அவர் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க விட்டால்தானே!

“முதுகுல இருக்கிற தழும்பு எப்படி ஆச்சுன்னு சொல்ல முடியுமா?” என்று சிஸ்டர் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அதுவா சிஸ்டர்,” என்றாள் மனைவி. “பிடிச்சுட்டுப் போனானுங்க இல்ல, அங்க ரெண்டு தட்டு தட்டிட்டானுங்க. பாவிங்க, நல்லா இருப்பானுங்களா? அப்ப இவர் இன்னும் ஒல்லி. சட்டையைக் கழட்டினா எலும்பை எண்ணிடலாம். எங்க மாமியார் என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா…”

மாமியார் சொன்னதும், மாமியாருக்கு இவள் சொன்னதும் முடிய வெகு நேரமாயிற்று. நடுவே மூச்சு வாங்குகிற இடம்கூட இல்லை. இவளுக்கு ரேடியோ என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டாள் சிஸ்டர். அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

“நான் இவரைத் தனியாத்தான் பார்க்கணும். அது இங்க விதி. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“என்ன சிஸ்டர் பேசுறீங்க? என் புருஷன் உடம்புல எனக்குத் தெரியாத இடம் எது? தினம் கால் பிடிச்சு விடுறவ நான். காலைல எழுந்தா தரையில கால் வைக்க முடியாது இவரால. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போவார். வேலையில நாள் பூரா நிக்கிறார் இல்ல, அதான்.”

சிஸ்டர் அதைக் கேட்டதும் அவருடைய செருப்பைப் பார்த்தாள். வேலையில் நிற்பதாலும் இப்படி வலிக்கலாம். ஆனால் எழுந்ததுமே பாதம் வைக்க முடியாத இந்த வலியை, உள்ளங்காலில் தடியால் அடி வாங்கியவர்களிடமும் அவள் பார்த்திருக்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை ரேடியோவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்தாள். கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். அவர் முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். ஜன்னலில்லாத அறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் வக்கீல் சொன்னார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த ஆள்.

கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இவ எங்க?”

இவள் எங்கே போவாள்? நாற்காலி ஆடுகிறது என்று வராந்தாவில் காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கதவைத் தாண்டி மெல்லக் கேட்டது. கேட்கக் கேட்க அவருடைய மூச்சு சீராவதைச் சிஸ்டர் பார்த்தாள். கை நாடியில் விரல் வைத்திருந்ததால் விரலிலேயே தெரிந்தது.

அதை வைத்துத்தான் மூன்றாம் முறைக்கு இந்த ஏற்பாடு. கதவு பாதி திறந்திருக்கும். குறுக்கே துணித்திரை. வராந்தாவில் ஆடாத நாற்காலி ஒன்று, கதவுக்கு முதுகு காட்டியபடி. அதில் ரேடியோ உட்கார்ந்து பேச வேண்டும். நிறுத்தாமல் பேச வேண்டும். அவள் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவருக்கு மூச்சு நிற்காது. அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் மெல்லச் சொல்வது அவள் காதில் விழாது. விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று கிடையாது, மேனேஜரிடம் கேட்டால் தலையிலடித்துக்கொள்வார், ஆகவே சிஸ்டர் கேட்கவில்லை.

“என்ன பேசணும்?” என்று கேட்டாள் ரேடியோ.

“என்ன வேணும்னாலும் பேசுங்க.”

“யார்கிட்ட?”

“யார்கிட்ட வேணும்னாலும். பேசிக்கிட்டே இருங்க, அவ்வளவுதான்.”

“அடேயப்பா! பொறந்ததுலருந்து இன்னைக்கு வரைக்கும் வாயை மூடுன்னு சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். பேசச் சொல்ற முதல் ஆள் நீங்கதான் சிஸ்டர்.”

அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். தரை துடைக்கிற அம்மா அப்போதுதான் வாளியோடு வராந்தாவில் நுழைந்தார். மாட்டிக்கொண்டார்.

உள்ளே அச்சகக்காரர் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையையே பார்த்தார். “அவளுக்குக் கேக்காதே?”

“மெதுவா பேசினா கேக்காது. அவங்க பேசுறப்ப பக்கத்துல இடி விழுந்தாக்கூட அவங்களுக்குக் கேக்காது, இல்லையா?”

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சிஸ்டர் தன் நாற்காலியை அவருக்கு நேரெதிரே போடாமல் சற்றுப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டாள்.

“நான் ஒவ்வொண்ணும் கேட்டுட்டுத்தான் செய்வேன். வேண்டாம்னு தோணினா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். முதுகுத் தழும்பு மெஷின்ல மாட்டினாலும் வரும்னு உங்க மனுவை முதல்ல பார்த்த ஆபீசர் எழுதிட்டார். அதை மட்டும் வச்சு உங்களை நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லாததை நான் எழுதவும் முடியாது.”

“திருப்பி அனுப்பிடுவாங்களா?”

“அனுப்பலாம்.”

சிஸ்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற ஜாதி இல்லை. அவர் தலையை ஆட்டினார். சட்டையைக் கழற்றினார்.

வெளியே ரேடியோ பஸ் டிரைவரில் ஆரம்பித்தாள். கை காட்டியும் நிறுத்தாமல் போன டிரைவரின் பரம்பரையையே ஒரு பிடி பிடித்தாள். “அப்படியா,” “அடடா,” என்று துடைக்கிற அம்மா நடுநடுவே போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சிஸ்டர் முதுகின் தழும்புகளைப் பார்த்தாள். நீளமான, இரண்டிரண்டாக ஓடுகிற கோடுகள். இயந்திரத்தில் மாட்டினால் இப்படி இணையாக விழாது. வயரை மடித்து அடித்தால் விழும். அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுத்தாள். பார்த்து முடித்த இடத்தைத் துணியால் மூடிவிட்டுத்தான் அடுத்த இடத்தைத் திறந்தாள்.

“காலைப் பார்க்கலாமா?”

வெகு நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினார். சிஸ்டர் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். குதிகாலில் சதை இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டியது. கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்ததும் அவர் பல்லைக் கடித்தார்.

“தடியா?”

“குழாய்.” குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத குரல். “ஒருத்தன் அடிப்பான். இன்னொருத்தன் ‘எழுந்து நின்னு குதி’ன்னுவான்.”

வெளியே மாடிவீட்டுக்காரர்கள் கட்டிலை இழுக்கிற கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலை எத்தனை தரம்தான் இழுப்பார்கள், சுரங்கமா தோண்டுகிறார்கள் என்று ரேடியோ கேட்டாள். துடைக்கிற அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார். அச்சகக்காரர் பாதத்தைச் சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தச் சுவரில் கட்டினார்கள், எப்போது தண்ணீர் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை. சிஸ்டர் நடுவே குறுக்கிடாமல் எழுதினாள். ஏற்பாடு பலித்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“வேற எங்கயாவது அடிபட்டுச்சா?”

“இல்ல.”

கேட்ட வேகத்தில் வந்தது பதில். கை மட்டும் தொடையின் மேல் இருந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தாள், பார்க்காதது போல எழுதுகிற தாளைப் புரட்டினாள். வற்புறுத்தக் கூடாது. ஏற்கெனவே ஒரு கூட்டம் வற்புறுத்திக் கேட்டது போதும். ஆனால் இங்கே நின்றுவிட்டால் அறிக்கை பாதியில் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். உள்ளங்கால் மட்டும் போதுமா? போதலாம், போதாமலும் போகலாம். அது அந்த நீதிபதியின் காலை நேர மனநிலையைப் பொறுத்தது.

“சரி,” என்றாள். அளவுகோலைத் துடைத்து உறையில் போட்டாள்.

வெளியே ரேடியோ அலைவரிசை மாற்றியிருந்தாள்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா? மூணா? குடுத்து வச்சவங்க. எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல. பார்க்காத டாக்டர் இல்ல, போடாத ஊசி இல்ல. ஊசி போட்டுப் போட்டு இடுப்பு ரெண்டு பக்கமும் கல்லாட்டம் ஆயிடுச்சு, தொட்டுப் பாருங்க. அவருக்கும் டெஸ்டெல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு. அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான். என் நாத்தனார் போன் பண்றப்பல்லாம் கேக்குறா, உன்னைக் கட்டிக்கிட்டு எங்க அண்ணன் என்னத்த கண்டான்னு. கேக்கட்டும், அவ கேக்குறதுல என்ன தப்பு? இன்னொருத்தனா இருந்தா இந்நேரம் என்னைத் தள்ளி வச்சிருப்பான். தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்ல. அடுத்த மாசம் ஆபரேஷன் ஒண்ணு செஞ்சு பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. வயித்தைக் கிழிச்சுத்தான்…”

“அவளுக்கு ஒரு குறையும் இல்ல!”

அவர் கத்திவிட்டார். இவ்வளவு நேரம் மூச்சாகவே பேசிக்கொண்டிருந்தவரிடம் அப்படியொரு குரல் இருக்கும் என்று சிஸ்டர் நினைக்கவில்லை.

வராந்தாவில் பேச்சு நின்றது. நடு வாக்கியத்தில், கத்தரித்தது போல நின்றது. ‘இதோ வரேன்’ என்று யாருக்கோ சொல்கிற பாவனையில் முனகிக்கொண்டு துடைக்கிற அம்மா வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவளுக்குக் கேட்காது என்று வாக்குக் கொடுத்தவள் சிஸ்டர்தானே! கெட்டிக்காரத்தனம் பண்ணப்போய் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கதவைச் சாத்த எழுந்தாள். சாத்தினால் இவர் விழுவார். சாத்தாவிட்டால் அவள் கேட்பாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூடாதீங்க,” என்றார் அவர்.

“இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம். வேற நாள்…”

“வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சிஸ்டரைப் பார்த்தபடி, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னார். “காலுக்கு நடுவுல மிதிச்சாங்க. பூட்ஸ் காலால. ஒரு நாள் இல்ல. அப்புறம் கரண்ட் வச்சாங்க. வெளிய வந்ததும் ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன். இனி குழந்தைக்கு வழியில்லைன்னு அவர் அப்பவே சொல்லிட்டார். அப்பவே எனக்குத் தெரியும். எழுதிக்குங்க சிஸ்டர். அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்.”

சிஸ்டர் உட்கார்ந்து எழுதினாள். வேறென்ன செய்வது? மிதித்தது, கரண்ட், டாக்டர், அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினாள். எழுதி முடித்தும் வராந்தாவில் சத்தமில்லை. போய்விட்டாளோ என்றுகூட நினைத்தாள். திரையின் அடியில் பார்த்தபோது நாற்காலிக் கால்களுக்கு நடுவே இரண்டு செருப்புகள் இருந்தன. இப்போது அவை கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

“டெஸ்ட் எடுத்தேன்னு சொன்னீங்களே.”

ரேடியோவின் குரல்தான். ஆனால் அத்தனை சின்னக் குரலைச் சிஸ்டர் அவளிடம் கேட்டதில்லை.

“எடுக்கல,” என்றார் அவர்.

“எல்லாம் நல்லாயிருக்குன்னு டாக்டர் கை குடுத்து அனுப்பினார்னு சொன்னீங்களே!”

“டாக்டரைப் பார்க்கவே இல்ல. பார்க்ல உட்கார்ந்துட்டு வந்தேன்.”

“பார்க்லயா?”

“ம்.”

“நான் அன்னைக்கு சாமிக்கு விளக்கேத்தினேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னு.” அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அத்தனை ஊசி போட்டுக்கிட்டேனே. வயித்தைக் கிழிக்கவும் சரின்னு சொல்லிட்டு வந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் நான்தான் மலடின்னு நானே தண்டோரா போட்டுக்கிட்டு அலைஞ்சேனே!”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்.”

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தாள். இது அவள் எழுத வேண்டிய பகுதி அல்ல. எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவேதான் கதவு இருந்தது. எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள், எத்தனையோ கதைகளைக் கண் கலங்காமல் எழுதியவள், அன்றைக்கு அந்த வராந்தாவிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பயந்தாள். ரேடியோ எழுந்து போய்விட்டால் இந்த மனுஷன் விசாரணைக்கு வர மாட்டார். எங்கேயும் வர மாட்டார்.

“அவளை உள்ள வரச் சொல்லுங்க சிஸ்டர்,” என்றார் அவர் கையை எடுக்காமலே.

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்தே பதில் வந்தது.

“நான் வரமாட்டேன். தனியாத்தான் பார்க்கணும்னு அவங்க விதியாம், அப்படியே பார்க்கட்டும். அவங்க கேக்குறதுக்கெல்லாம் ஒண்ணு விடாம பதில் சொல்லுங்க. என்ன காட்டச் சொன்னாலும் காட்டுங்க. இன்னொரு தடவை எதையாவது மறைச்சீங்கன்னு தெரிஞ்சுது, நான் மனுஷியா இருக்க மாட்டேன். எல்லாத்தையும் முடிச்சுட்டு வெளிய வாங்க.” மூக்கை ஒருமுறை பலமாகச் சிந்தினாள். “வீட்டுக்குப் போனப்புறம் இருக்கு உங்களுக்கு.”

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“வீட்டுக்கா?” என்று கேட்டார்.

“பின்ன எங்க?”

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பி, படம் எடுக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லி, இடுப்பில் பெல்ட்டைத் தளர்த்தினார்.